வழுக்கி விழுந்த வாக்குமூலம்

என் மனைவியின் மூத்த சகோதரரும் என் முன்னாள் மேலதிகாரியும், இந்த இரண்டு காரணங்களாலும் இன்றுவரை நான் எழுந்து நின்றே பேசுகிறவருமான மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கை கணவன் பணிவோடு தெரிவித்துக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் நலம், என் வலது கை நீங்கலாக. அங்கே உங்கள் முழங்கால், அக்காவின் கண் ஆபரேஷன், மாடியில் குடியிருப்பவர் ஈரத்துணி காயப்போடுவது சம்பந்தமான தகராறு ஆகிய மூன்றும் தற்சமயம் எந்த நிலையில் இருக்கின்றன என்று விவரமாக எழுதவும்.

கையெழுத்து என்னுடையதாக இல்லையே என்று திகைக்க வேண்டாம். எனக்கு முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மாவுக்கட்டு. நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதுகிறாள். முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து, வந்தவர் போனவர் சொன்ன புகாரையும் வாக்குமூலத்தையும் நான் எழுதினேன். இப்போது நான் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டியதாகிவிட்டது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். என் சர்வீஸில் நான் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. (பார்த்திருப்பார். – தங்கை.)

என் கை எப்படி உடைந்தது என்பது பற்றி இங்கே மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். போலீஸ்காரர்கள் அடித்துவிட்டார்கள் என்பது ஒன்று. ஒரு பிளம்பர் ஸ்பேனரால் அடித்துவிட்டான் என்பது இரண்டு. மூன்றாவதை உங்கள் தங்கை எழுத மறுக்கிறாள். அது அவளைப் பற்றியது. மச்சான், மூன்றையும் நம்ப வேண்டாம். நான் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். தயவுசெய்து சிரிக்காதீர்கள். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவரும் சிரித்தார். எக்ஸ்ரே எடுக்கிறவர் கதவைச் சாத்திவிட்டு, “பெரியவரே, இங்க யாரும் இல்ல, பயப்படாம உண்மையைச் சொல்லுங்க” என்றார்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இப்போது நம் ஸ்டேஷனுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் அம்மா வந்திருக்கிறார். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். போன மாதத்துக்கு முந்தின மாதம் ஒரு மாலை, யூனிஃபார்ம் இல்லாமல், வீடு தேடி வந்தார். நான் பழக்கதோஷத்தில் விறைப்பாக நின்று சல்யூட் வைத்துவிட்டேன். கட்டியிருந்தது லுங்கி. அவரும் பதில் சல்யூட் வைத்துவிட்டு உட்கார்ந்து, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

“சார், நான் வந்த வருஷம் புகார் எண்ணிக்கை பாதியா குறைஞ்சுது. மேலதிகாரி என்னைப் பாராட்டினாரு, நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தா நம்ம பின்தெருவுல ஒரே வாரத்துல மூணு வீட்டுல திருட்டு நடந்திருக்கு. ஒருத்தரும் ஸ்டேஷனுக்கு வரல. ஏம்மா வரலைன்னு கேட்டா, ‘போன பொருள் போகட்டும், நாங்களாவது முழுசா இருக்கோமே’ங்கிறாங்க.”

“காலம் கெட்டுப் போச்சும்மா” என்றேன் நான்.

“அதான், மாசம் ஒரு சனிக்கிழமை காலையில ஸ்டேஷன்லயே மக்களைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசலாம்னு இருக்கேன். பழைய ஆளுங்க வந்தா அவங்களுக்கும் ஒரு தைரியம். நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லணும்.”

நாலு வார்த்தை என்றதும் நான் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். ‘அந்த நாளில் போலீசும் பொதுமக்களும்’ என்று முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் இந்த வீட்டில் இல்லை மச்சான். நம் பழைய ஸ்டேஷனில்தான் இருந்தேன். அந்த ஓட்டுக் கட்டிடம், நடுக்கால் ஆடுகிற நீளப் பெஞ்சு, ஜன்னலில் வந்து உட்கார்ந்து என் பென்சிலைக் கொத்துகிற மைனா, கார்பன் தாளின் நீல வாசனை. சாப்பிட உட்கார்ந்தால் விரலில் அந்த வாசனை அடிக்கும். வீட்டில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொள்வாள். உங்கள் சைக்கிள் மணி முக்கு திரும்பும்போதே கேட்கும். பாரா நிற்பவர் தொப்பியைத் தேடுவார், நான் வெற்றிலையைத் துப்ப ஓடுவேன். வழிதவறின குழந்தைகளை என் மேஜை மேல்தான் உட்கார வைப்பார்கள். பழைய சம்மன்களின் முதுகில் யானை வரைந்து கொடுப்பேன். தாய் வந்து தூக்கும்போது குழந்தை யானையை விடாது, நான் சம்மனை விடமாட்டேன்.

வாரம் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டு வருகிற அந்தத் தையற்காரரையும் அவர் மனைவியையும் நினைவிருக்கிறதா? நீங்கள் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, “ஒருத்தர் எந்திரிச்சாலும் ரெண்டு பேரும் உள்ள” என்று சொல்லிவிட்டு ரோந்துக்குப் போய்விடுவீர்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் அவர் தோளில் சாய்ந்து அந்தம்மா தூங்கிக்கொண்டிருக்கும். எந்தக் காகிதமும் இல்லை, எந்த வழக்கும் இல்லை. ஒரு நாள் நீங்கள் பெல்ட்டை மறந்துவிட்டு வந்து, “ஓடிப் போய் வாங்கிட்டு வாய்யா” என்று என்னை உங்கள் வீட்டுக்கு அனுப்பினீர்கள். கதவைத் திறந்தவள்தான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெல்ட்டை நீங்கள் இடுப்பில் கட்டியிருந்தால் என் வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும். (என்னுடையதும்தான். – தங்கை.)

இப்படியெல்லாம் எழுதி, எழுதினதைப் படித்து, படித்ததற்கு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுப் போனேன். மச்சான், நம் ஸ்டேஷன் இப்போது ஸ்டேஷன் மாதிரி இல்லை. பல் டாக்டர் கிளினிக் மாதிரி இருக்கிறது. கண்ணாடிக் கதவு, வரிசை எண் சீட்டு, மூலைக்கு மூலை கேமரா. பெஞ்சைக் காணோம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஆறு பேர் போலீஸ்காரர்களின் வீட்டு ஆட்கள், ஒருவர் டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர். ரிட்டயரான தலைமையாசிரியை அம்மா ஒருவர் முன்வரிசையில், பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்து பேச ஆரம்பித்தேன். மைனா வரை நன்றாகத்தான் போனது. தையற்காரர் கதைக்குச் சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. நோட்டில் இல்லாததைச் சொன்னேன். “எங்க காலத்துல இந்த ஸ்டேஷனுக்குள்ள யார் மேலயும் ஒரு சுடுசொல் விழுந்ததில்ல. ஒரு அடி விழுந்ததில்ல” என்றேன். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் பாத்ரூமில் கனமான இரும்பு ஏதோ ஒன்று ‘டங்’ என்று தரையில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீக்கடைக்காரர் டம்ளர்களை எண்ண ஆரம்பித்தார்.

எனக்குப் பிரஷர் மாத்திரை வேலை செய்கிற நேரம் வேறு. “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். பாத்ரூம் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டியவர். இடது கையில் ஸ்பேனர். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே ஒரு பக்கமாகத் திரும்பி, டார்ச் லைட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு தெரிந்துகொண்டேன், நம் பகுதியில் அவருக்குப் பேரே இடக்கையர்தானாம். ஸ்டேஷன் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று தடவை ஆள் அனுப்பியும் வராதவராம். கடைசியில் இன்ஸ்பெக்டர் அம்மாவே அவர் கடைக்குப் போய்க் கூப்பிட, “கதவைச் சாத்த மாட்டேன், அதுக்குச் சம்மதம்னா வர்றேன்” என்று சொல்லி வந்தவராம்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “பார்த்து வாங்க ரைட்டர் சார். லீக் பாக்க சோப்புத் தண்ணி ஊத்தியிருக்கேன்” என்றார்.

ரைட்டர் சார் என்று யாராவது என்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது? அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் தரையைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். யார் என்று தெரிந்துவிட்டது. ஓரடி பின்வாங்கினேன். மேற்படி சோப்புத் தண்ணீரில் இடது கால் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு கூரையில் இருந்த ஒட்டடை ஞாபகம் இருக்கிறது.

உங்களுக்கும் இந்நேரம் யார் என்று தெரிந்திருக்கும் மச்சான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய வீடு ஒன்றில் பித்தளைக் குழாய்கள் காணாமல் போயின. அங்கே வேலைக்குப் போயிருந்த, தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞனைக் கூட்டிவந்தோம். மத்தியானம், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். “எடுக்கல சார்” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். நீங்கள் லத்தியால் ஒரே ஒரு அடிதான் அடித்தீர்கள். அவன் தலையைக் காப்பாற்ற வலது கையைத் தூக்கினான். இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தான். மூன்றாம் நாள், குழாய்கள் தங்கள் வீட்டு ஸ்டோர் ரூமிலேயே இருக்கின்றன, வேலைக்காரி எடுத்து வைத்திருக்கிறாள் என்று அந்தப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார். பையனை விட்டுவிட்டோம். போகும்போது கை வீங்கியிருந்தது. நான் பதிவேட்டை நகர்த்தி, “இங்க ஒரு கையெழுத்து” என்றேன். வலது கையால் பேனாவைப் பிடிக்க முடியாமல் இடது கையால் கிறுக்கினான். அவன் வாழ்க்கையில் இடது கையால் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

திரும்ப பாத்ரூமுக்கு வருகிறேன். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் கண்ட காட்சி: கீழே நான் மல்லாந்து கிடக்கிறேன், பக்கத்தில் இடக்கையர் ஸ்பேனரோடு நிற்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கான்ஸ்டபிள் ஒருவர், நல்ல பையன்தான், ஆனால் கை முந்திவிடும், பாய்ந்து போய் அவருடைய அந்த வளைந்த கையை முறுக்கிப் பிடித்துவிட்டார். இடக்கையர் கத்தவில்லை. திமிறவும் இல்லை. முன்பே தெரிந்த விஷயம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நான் கீழே கிடந்தபடியே, “விடுப்பா அவரை. நான் வழுக்கி விழுந்துட்டேன்” என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை மச்சான். இடக்கையர் அடித்ததை நான் பயந்து மறைக்கிறேன் என்று கான்ஸ்டபிள் நினைத்தார். போலீஸ்காரர்கள் தள்ளிவிட்டதை நான் மறைக்கிறேன் என்று வெளியே கூடிய ஜனங்கள் நினைத்தார்கள். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: “இந்த ஸ்டேஷனுக்கு முப்பது வருஷமா டீ குடுக்கிறேன். வழுக்கி விழுந்தேன்னு சொன்ன எவனும் வழுக்கி விழுந்ததில்ல.” நானோ நிஜமாகவே விழுந்தவன். சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இருந்த ஒரு வார்த்தையையும் நானே தேய்த்துத் தீர்த்து வைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா கான்ஸ்டபிளின் தோளைத் தொட்டு, “கையை எடுங்க. முதல்ல கேளுங்க, அப்புறம் பிடிங்க” என்றார். ஒரு வண்டியில் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்டேஷனுக்குள் யாருக்குக் காயம் பட்டாலும் வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிக்க வேண்டும் என்பது இப்போதைய விதியாம். அவரே போன் போட்டு, தன் ஸ்டேஷன் மீது தானே விசாரணை கேட்டார். நம் காலத்தில் இப்படி ஒருவர் செய்திருந்தால் அவருக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்போம்.

திங்கட்கிழமை காலை விசாரணை. அதிகாரி ஒல்லியான மனிதர், மெல்லிய குரல், யாரையும் அதட்டவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. எதற்கு விழுந்தீர்கள் என்றார். சோப்புத் தண்ணீர் என்றேன். யாராவது இப்படிச் சொல்லச் சொன்னார்களா என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே ஒரு பழைய கட்டைப் பிரித்தார். நம் பதிவேடுகள் மச்சான். அட்டையில் நான் ஒட்டின துணி அப்படியே இருக்கிறது. எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

“நீங்க ரைட்டரா இருந்த காலத்துல இந்த ஸ்டேஷன்ல பதினாலு பேர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்காங்க. வார்த்தைக்கு வார்த்தை ஒரே வாக்கியம்” என்று சொல்லி, ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். நம் டைப்ரைட்டரில் ‘ழு’ உடைந்திருந்தது நினைவிருக்கிறதா? இடம் விட்டு அடித்துவிட்டு, பிறகு பேனாவால் ‘ழு’ போடுவேன். வழுக்கி என்பதில் ஒன்று, விழுந்து என்பதில் ஒன்று. அந்தப் பக்கத்தில் மற்ற எழுத்தெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. என் பேனாவில் எழுதின அந்த இரண்டு ‘ழு’ மட்டும் நேற்று எழுதினதுபோல் நீலமாக உட்கார்ந்திருந்தது.

அடுத்து இடக்கையரைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே போகிறேன் என்றேன். “நீங்க இருக்கலாம், அவருக்கு ஆட்சேபணை இல்லையாம்” என்றார் அதிகாரி. அவர் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் மச்சான். ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்தக் கான்ஸ்டபிள் பையன் மாட்டியிருப்பான், ஸ்டேஷன் மாட்டியிருக்கும். அவர் சொன்னது இதுதான்.

“அவர் வழுக்கித்தான் விழுந்தாருங்க. நான் பார்த்தேன். சோப்புத் தண்ணி ஊத்தினது நான்தான். சொன்னேன், அவர் கவனிக்கல. யாரும் அவரைத் தொடல.”

“உங்களுக்கு அவர் மேல கோபம் இல்லையா?”

“அது இருக்குதுங்க. அதுக்காக நடக்காததை நடந்ததா எழுத வைக்க முடியுமா?” என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, அந்தப் பழைய பக்கத்தைக் காட்டிக் கேட்டார்: “இதுல நான் பாத்ரூம்ல விழுந்ததா போட்டிருக்குதுங்களா?”

“ஆமா.”

“இந்த பாத்ரூம் லைன் எல்லாம் போட்டு இருபத்திரண்டு வருஷம்தான் ஆகுதுங்க. குழாய்லயே தேதி இருக்கு. நான் உள்ள இருந்தப்ப பின்னால வேலி ஓரமா ஒரு மறைப்புதான் கட்டி வச்சிருந்தாங்க. மண் தரை. அதுல எப்படிங்க வழுக்கும்?”

மச்சான், முப்பத்திரண்டு வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை மேலதிகாரிகள் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள், நீங்கள் உட்பட. அத்தனை பேரும் அந்த மறைப்புக்குப் பின்னால் போய் வந்தவர்கள்தானே. இல்லாத பாத்ரூமில் ஒருவனை விழ வைத்திருக்கிறேன் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மாவுக்கட்டுக்குள் கை அரித்தது.

வெளியே வராந்தாவில் இடக்கையர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். “ரொம்ப வலிக்குது” என்றேன்.

“வலிக்கும் சார். எலும்புல்ல.” என் கட்டைத் தொட்டுப் பார்த்தார். “நல்லா போட்டிருக்காங்க. அன்னைக்கே போட்டுட்டாங்கள்ல?”

“அரை மணி நேரத்துல.”

“அப்ப நேரா சேர்ந்துரும். எனக்கு ரெண்டு நாள் தள்ளிப் போயிருச்சு, அதான் கோணலாப் போச்சு.” அவ்வளவுதான் சொன்னார். அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒழுகுகிற குழாயைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

நான் திரும்ப உள்ளே போனேன் மச்சான். அதிகாரி காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். “நான் ஒண்ணு சொல்லணும்” என்றேன். நாலு வார்த்தை சொல்வதற்கு எண்பது பக்க நோட்டு வாங்கினவன், இதை நின்றபடியே ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்த மத்தியானம் நடந்ததைச் சொன்னேன். லத்தி உங்களுடையது என்று சொன்னேன். ‘வழுக்கி விழுந்ததா எழுதுய்யா’ என்று நீங்கள் உத்தரவு போட்டீர்கள், கீழே வேலை பார்த்தவன் என்கிற முறையில் நான் அதற்குக் கட்டுப்பட்டு எழுதினேன், எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றும் சொன்னேன். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. வீட்டுக்கு நடந்தே வந்தேன். (ஆட்டோவில் வந்தார். – தங்கை.)

நேற்று இரண்டாவது கூட்டம். நாற்பது நாற்காலியும் போதாமல் டீக்கடையிலிருந்து பெஞ்சு கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் பெஞ்சு இல்லை. ஆனாலும் பெஞ்சு பெஞ்சுதானே. இன்ஸ்பெக்டர் அம்மா எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “இந்த ஸ்டேஷன் உங்களுக்குச் செஞ்சது தப்பு. அப்ப நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். ஆனா இன்னைக்கு இந்த நாற்காலி என்னுடையது. அதனால மன்னிப்பும் நான்தான் கேட்கணும்” என்று இடக்கையரிடம் சொன்னார். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“சரிம்மா. அந்தப் பக்கத்துல இருக்கிறதை மட்டும் திருத்தி எனக்கு ஒரு நகல் குடுங்க” என்றார். “என் பிள்ளைங்க நான் வழுக்கி விழுந்ததாத்தான் நினைச்சிட்டிருக்காங்க. நானே அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். திருடன்னு அடிச்சாங்கன்னு பெத்த பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

கான்ஸ்டபிள் பையன் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதன் பிறகு பின்தெரு அம்மாள் ஒருவர் எழுந்து, தன் வீட்டில் திருட்டுப் போனதைச் சொல்லட்டுமா என்றார். அவர் உட்காருவதற்குள் இன்னொருவர். தலைமையாசிரியை அம்மா, பள்ளிக்கூட வாசலில் வண்டி நிறுத்துவது பற்றி, உட்பிரிவுகளோடு ஒரு புகார் சொன்னார். எழுத ஆள் போதவில்லை மச்சான். கையில் கட்டு இல்லாமல் இருந்திருந்தால் நானே போய் மேஜையில் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு ஆசை வந்தது. பழைய நாள் மாதிரியே இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், பழைய நாளில் இப்படி எப்போது இருந்தது என்று ஞாபகத்துக்கு வரவில்லை. மைனா வருகிறது, சைக்கிள் மணி வருகிறது. பெஞ்சை நினைத்தால் மட்டும் இப்போதெல்லாம் தையற்காரரும் மனைவியும் வருவதில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான்.

எனவே தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், விசாரணை அதிகாரியிடமிருந்து தங்களுக்கு ஒரு நோட்டீஸ் வரும். இந்தக் கடிதத்துக்கு முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம். பதற வேண்டாம். புறப்பட்டு இங்கே வாருங்கள். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். அங்கே பாத்ரூமில் சொரசொரப்பான தரை. உங்கள் முழங்காலுக்கு ஏற்றபடி கைப்பிடியும் வைத்தாகிவிட்டது. வைத்துக் கொடுத்தவர் இடக்கையர். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். இரண்டு திருகு கூடுதலாகவே போட்டார். ஸ்டேஷனுக்கு நானும் உங்களோடு வருவேன். உத்தரவு உங்களுடையது, பேனா மட்டுமே என்னுடையது என்பதால் என் பங்கு சிறியது என்றாலும், பக்கத்தில் நிற்பேன். இதற்காக என்மீது வருத்தம் வேண்டாம். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததையும் தங்கையைக் கொடுத்ததையும் நான் மறந்தவன் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் எல்லா நலமும் பெற்று, கையும் காலும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள தங்கை கணவன்,
ஸ்டேஷன் ரைட்டர் (ஓய்வு)

பி.கு.: அண்ணா, இது நானே எழுதுறது. இவர் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம மேலே எழுதிட்டேன். ஆனா அது அப்படி நடக்கல. அந்த மத்தியானம் நீ ‘ஏதாவது எழுதிக்கோ’ன்னு சொல்லிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்ட. வழுக்கி விழுந்தான்கிறது இவரே யோசிச்சுப் போட்டது. அன்னைக்குச் சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து, “உங்க அண்ணன் திண்டாடிட்டிருந்தாரு, நான் ஒரே வரியில முடிச்சுட்டேன், கேளு”ன்னு எனக்குப் படிச்சுக் காட்டினாரு. அடுத்த பதிமூணு பேருக்கும் அதே வரியைத்தான் போட்டாரு. அப்ப நான் இவர்கிட்ட, நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொன்னேன். அந்தப் பையனோட கை எப்படி இருக்குன்னு கேக்கல. நீ அடிச்சது இல்லைன்னு ஆயிடாது அண்ணா. நீ வந்துதான் ஆகணும். ஆனா நீ சொல்லாத வார்த்தையை உன் வாயில வச்சு இவர் தப்பிக்கக் கூடாது.

இதுவரைக்கும் எழுதினதை இவருக்குப் படிச்சுக் காட்டினேன். தாளை வாங்கித் தானும் ஒரு தடவை படிச்சாரு. அப்புறம் மை இருக்கான்னு கேட்டாரு. கீழ இருக்கிறது இவரோட இடது கைப் பெருவிரல் ரேகை. நாளைக்குக் காலையில வாக்குமூலத்தைத் திருத்தணும்னு இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் வாங்கன்னு சொன்னாங்க.